இயந்திரம் எழுவதற்கு முன்

கனடாவின் வினிப்பெக், எட்மன்ரன் முதலிய நகரங்களில் மார்கழியும் தையும் கடுங்குளிர்க் காலமாகும். அக்காலத்தில் அங்கு ஓடும் மோட்டார் வண்டிகள் பலவற்றின் முகப்பிலிருந்து மூன்று முனைகளையுடைய மின்செருகியொன்று வெளியே தொங்குவதைக் காணலாம். மாலையில் வீடு திரும்பியவர் வண்டியை நிறுத்தியதும் அச்செருகியை நீண்ட மின்கம்பியொன்றுடன் இணைத்துவிட்டே உள்ளே செல்வார். புதிதாகச் சென்றவர் அதனை மின்சாரத்தால் ஓடும் வண்டி என்று நினைப்பதுண்டு. அது பெற்றோலால் ஓடும் சாதாரண வண்டியே. இரவு முழுவதும் வெளியே நின்று விறைத்துப்போகும் இயந்திரத்தைக் காலையில் எழுப்புவதற்கு முன் சூடேற்றி வைக்கும் சிறு கருவியொன்று அதனுள் பொருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரத்தினபுரியிலோ கேகாலையிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றினால் வியப்பில்லை. இரத்தினபுரி நகரின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். அங்கு மழையைப் பற்றிப் பேசுவார்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசுவார்கள். இயந்திரத்துக்குக் குளிர் பிடிக்கும் என்று எவரும் பேசுவதில்லை. ஆயினும், சூடேற்றிய பின்னரே இயந்திரத்தை எழுப்ப வேண்டும் என்னும் பாடத்தை, கனடாவின் மோட்டார் வண்டிக்காரர் அந்தச் செருகியைக் காண்பதற்கு நெடுங்காலம் முன்பே இலங்கையின் தோட்டங்கள் படித்திருந்தன. தேயிலை ஸ்டோரிலும் இறப்பர் ஆலையிலும் நடுச்சாமம் கழிந்த பின் ஒருவர் எழுந்து சென்று, கையில் விளக்கேந்தி, இரும்பைச் சூடேற்றிக்கொண்டு நின்றார். பனியே இல்லாத பூமியில் அந்த வேலை ஏன் வேண்டியிருந்தது?

இக்காலத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மின்மோட்டார் உண்டு. பொத்தானை அழுத்தினால் சுழலும். பழைய ஸ்டோரின் அமைப்பு வேறு. கட்டடத்தின் ஓரத்தில் ஓர் இயந்திர அறை. அதனுள் ஒரே ஓர் இயந்திரம். அந்த இயந்திரம் தொழிற்சாலையின் நீளம் முழுவதும் செல்லும் இரும்புத் தண்டு ஒன்றைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோற்பட்டிகள் இறங்கும். ஒரு பட்டி கொழுந்தை உருட்டும் ரோலரை இயக்கும். இன்னொன்று சலிக்கும் சல்லடையை ஆட்டும். மற்றொன்று வாட்டும் மாடிக்குச் சூடான காற்றை இழுக்கும் விசிறியைச் சுழற்றும். அந்த ஓர் இயந்திரம் நின்றால் எல்லாம் நிற்கும்.

மலைச்சரிவில் விழும் நீர் போதிய அளவில் இருந்த தோட்டங்கள் நீர்ச்சக்கரத்தையும் நீர்ச்சுழலியையும் நம்பின. மற்றவை விறகெரித்து நீராவி இயந்திரத்தை ஓட்டின. கொதிகலத்தில் தீ மூட்டினால் நீராவி போதிய அழுத்தம் பெறுவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். காடோ தேயிலைக்கும் இறப்பருக்குமாக வெட்டப்பட்டுக் குறைந்துகொண்டே வந்தது. இந்நிலையில்தான் எண்ணெயால் ஓடும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது.

அதன் கதை இங்கிலாந்தில் தொடங்குகின்றது. ஹெர்பர்ட் அக்ரொய்ட் ஸ்டுவர்ட் என்பவர் யோர்க்ஷயரில் 1864-ஆம் ஆண்டு பிறந்தவர். உருகிய ஈயம் இருந்த பாத்திரத்தில் மண்ணெண்ணெய் தவறி விழ, எழுந்த ஆவி அருகிலிருந்த விளக்கில் பற்றிக்கொண்டதாகவும், அதைக் கண்டே அவருக்குப் புதிய இயந்திரத்தின் எண்ணம் உதித்ததாகவும் சொல்லுவர். உருகியது ஈயமன்று, வெள்ளீயம் என்று திருத்துவோரும் உளர். எவ்வாறாயினும் 1890-இல் அவர் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கிராந்தம் நகரிலிருந்த ஹோர்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் அதனை உற்பத்தி செய்து விற்றது. ருடோல்ப் டீசலின் இயந்திரம் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் ஓடிக்காட்டியது 1897-இல்தான்.

வானொலி நேயர்களுக்கு இங்கு ஒரு செய்தி சுவை தருவதாக இருக்கும். 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து முதன்முதலாகக் கம்பியில்லாச் சைகையை அனுப்பியபோது, இங்கிலாந்தின் போல்டு நிலையத்தில் மின்னாக்கியைச் சுழற்றியது ஹோர்ன்ஸ்பி அக்ரொய்ட் எண்ணெய் இயந்திரமே. அச்சைகை சென்று சேர்ந்த நியூபவுண்லாந்து இன்று கனடாவின் ஒரு பகுதி. வானொலியின் முதற்குரலுக்குப் பின்னாலும் விளக்குப் பிடித்து இரும்பைச் சூடேற்றிய ஒரு கை இருந்திருக்க வேண்டும்.

இவ்வியந்திரம் சூட்டுக்குமிழ் இயந்திரம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. டீசல் இயந்திரம் காற்றை மிகக் கடுமையாக அமுக்குகின்றது. பதினைந்து, இருபது மடங்குக்கு அமுக்கும்போது காற்று பல நூறு பாகை சூடேறி, தெளிக்கப்படும் எண்ணெயைத் தானே பற்றவைத்துவிடும். அக்ரொய்ட் ஸ்டுவர்ட்டின் இயந்திரமோ காற்றை மூன்று, நான்கு மடங்குக்கு மேல் அமுக்குவதில்லை. அந்தச் சூடு எண்ணெய் எரியப் போதாது. ஆகையால் சிலிண்டரின் பின்புறத்தில் குடுவை போன்ற இரும்புக் குமிழொன்று வைக்கப்பட்டது. அது பழுக்கக் காய்ந்திருந்தால் அதில் விழும் எண்ணெய் ஆவியாகி, உள்ளே தள்ளப்படும் காற்றுடன் கலந்து தீப்பற்றும். இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால், எரியும் எண்ணெயே குமிழைச் சூடாக வைத்திருக்கும். வெளியிலிருந்து சூடு வேண்டியதில்லை. முதற்சூட்டை யார் கொடுப்பது என்பதே கேள்வி. காற்று 27 பாகையாக இருந்தாலென்ன, உறைநிலையில் இருந்தாலென்ன, குளிர்ந்த குமிழ் எண்ணெயைப் பற்றவைக்காது. அதனாலேயே சப்ரகமுவவின் புழுக்கத்திலும் இயந்திரத்துக்குச் சூடேற்ற வேண்டியதாயிற்று.

அந்த முதற்சூட்டைக் கொடுத்தது புளோ லாம்ப் என்னும் ஊதுவிளக்கு. அதனுள் மண்ணெண்ணெய் நிரப்பி, கைப்பம்பால் காற்றை அடைத்தால், வாய்வழியே நீலச்சுவாலை இரைந்துகொண்டு பாயும். ஆனால் அந்த விளக்கும் குளிர்ந்திருந்தால் எரியாது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு விளக்கின் தலை காய்ந்திருக்க வேண்டும்; ஆகவே விளக்கின் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி முதலில் விளக்கைச் சூடாக்க வேண்டும். தீக்குச்சி ஸ்பிரிட்டைக் கொளுத்த, ஸ்பிரிட் விளக்கைக் காய்ச்ச, விளக்கு குமிழைக் காய்ச்ச, குமிழ் எண்ணெயைப் பற்றவைக்க, எண்ணெய் தொழிற்சாலையை ஓட்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பொறுமையின்றி அவசரப்பட்டாலும் எல்லாம் கெடும். போதிய சூடேறாத விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் திரவமாகவே பீறிட்டுத் தீப்பந்தாகப் பற்றும். மேல்மாடியெல்லாம் பலகையும், கொழுந்து பரப்பிய சாக்குத் தட்டுகளும் நிறைந்த கட்டடத்தில் அது சிறு விபத்தன்று.

குமிழ் காய்வதற்கு ஐந்து நிமிடமும் ஆகலாம்; பெரிய இயந்திரமானால் அரைமணி நேரமும் ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று அறிவதற்கு இயந்திர அறையில் வெப்பமானி கிடையாது. இரும்பின் நிறமே அளவுகோல். இருட்டில் மங்கிய செந்நிறம் தெரியும் வேளையை இஞ்சின் டிரைவரின் கண் அறியும். தோட்டத்தில் அவரை அவ்வாறே அழைத்தனர். பின்னர் எண்ணெயைக் கைப்பம்பால் சிறிது செலுத்தி, பிளைவீல் எனப்படும் பெருஞ்சில்லைப் பிடித்து, அமுக்கத்துக்கு எதிராக இழுத்துவிட வேண்டும். சரியான கணத்தில் விட்டால் அது பற்றிக்கொண்டு ஓடும். தவறினால் எதிர்த் திசையில் உதைக்கும். ஆளின் எடையைப்போலப் பன்மடங்கு எடையுள்ள இரும்புச் சக்கரம் உதைத்தால் மணிக்கட்டு முறிவது எளிது. பெரிய இயந்திரங்களில் அழுத்தமேற்றிய காற்றைச் செலுத்திச் சில்லைச் சுழற்றும் வசதி வந்தது உண்மையே. குமிழைச் சூடேற்றும் வேலை அங்கும் நீங்கவில்லை.

இத்தனையும் நடந்த நேரத்தையும் சொல்லவேண்டும். முதல் நாள் பறித்த கொழுந்து மாடித் தட்டுகளில் இரவெல்லாம் வாடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் முதல் பதினெட்டு மணி நேரம் வரையில் வாடிய பின் அதனை உருட்ட வேண்டும். உருட்டும்போது கொழுந்து சூடேறுகின்றது. சூடு மிகுந்தால் சுவை போகும். ஆகவே காற்றுக் குளிர்ந்திருக்கும் பின்னிரவிலேயே உருட்டத் தொடங்குவது வழக்கம். உருட்டிய இலை காற்றுப்பட்டுச் செம்பு நிறமாக மாறுவதற்குச் சில மணி நேரம் போதும். கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்குக் கீழே வளர்வதைத் தாழ்நிலத் தேயிலை என்பர். இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலையில் பெரும்பகுதி அந்த வகையினது. அங்குள்ள வெப்பத்தில் அம்மாற்றம் விரைவாகவே நிகழும். நுவரெலியாவில் அரைமணி பிந்தினால் பொறுக்கும் இலை, காவத்தையிலோ நிவித்திகலையிலோ பொறுப்பதில்லை. இயந்திரம் எழவில்லையென்றால் வாடிய கொழுந்து மேலும் வாடிக் கருகும். உருட்டிப் பாதியில் நின்ற கொழுந்து புளிக்கும். ஒரு மலை முழுவதும் பெண்கள் முதுகில் கூடை சுமந்து பறித்த ஒருநாட் கொழுந்தின் கதி, பின்னிரவில் ஒரு குமிழ் சிவந்ததா இல்லையா என்பதைப் பொறுத்திருந்தது.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் கடினமாகும். தென்மேற்குப் பருவக்காற்றின் முழுவேகத்தையும் தாங்குவது சப்ரகமுவ. ஈரக்கொழுந்து வாடுவதற்குச் சூடான காற்று வேண்டும். காற்றை இழுக்க விசிறி சுழல வேண்டும். விசிறி சுழல இரவிலேயே இயந்திரம் ஓட வேண்டும். ஈரம் ஏறிய தோற்பட்டி சில்லில் பிடிக்காமல் வழுக்கும். அந்நாட்களில் இஞ்சின் டிரைவருக்கும் அவருடைய கையாளுக்கும் உறக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

கேகாலை மாவட்டத்தில் இறப்பரே முதன்மை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற வட்டாரங்களில் விடியுமுன் வெட்டிய மரத்தின் பால் நண்பகலளவில் ஆலைக்கு வந்து சேரும். அமிலம் சேர்த்து உறையவிட்டால் மறுநாட் காலையில் வெண்ணிறக் கட்டியாக இருக்கும். அதனைக் கிரேப் உருளைகளினூடே பலமுறை செலுத்தி மெல்லிய தாளாக்க வேண்டும். கிரேப் உருளைக்கு வலிமை மிக வேண்டும். கையால் சுழற்ற இயலாது. அங்கும் அதிகாலையில் இயந்திரம் எழவேண்டியிருந்தது. ஆயினும் தேயிலையைப்போல் நிமிடக் கணக்கு இல்லை. இறப்பர் ஆலையின் இஞ்சின் டிரைவர் ஓரளவு நிம்மதியாகவே இருந்திருப்பார் என்று கருதலாம்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் வேலை முடிந்துவிடாது. ரோலர்கள் எல்லாம் ஒருங்கே ஓடும்போது சுமை கூடிக் குமிழ் அளவுக்கு மேல் காயும். எண்ணெய் உரிய வேளைக்கு முன்பே பற்றி இயந்திரம் தட்டும். பட்டிகளைக் கழற்றிச் சுமை குறைந்தால் எரியும் எண்ணெய் குறைந்து குமிழ் ஆறும். இயந்திரம் தடுமாறி நின்றுவிடும். நின்றால் மீண்டும் ஸ்பிரிட், மீண்டும் விளக்கு. ஆகவே அவர் காதால் கேட்டுக்கொண்டே இருந்தார். இயந்திரத்தோடு வந்த விளக்க நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் கற்றதோ முன்னவரின் அருகில் எண்ணெய்த் துணியுடன் பல வருடம் நின்று. அக்கல்வியை எவரும் ஏட்டில் எழுதவில்லை. எத்தனை இறாத்தல் தேயிலை என்பது ஸ்டோர்ப் புத்தகத்தில் ஏறியது. பின்னிரவில் குமிழ் எந்நிறம் கொண்டபோது சில்லை இழுக்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அக்கல்வி இரண்டு வழியில் மறைந்தது. முதலாவது வழி மின்சாரம். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-இலேயே எடுத்துரைத்த நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950-இல் இலக்சபானையில் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி மெல்ல மெல்லத் தோட்டங்களை எட்டியது. 1992-இல் சப்ரகமுவவின் பலாங்கொடைப் பகுதியிலேயே சமனலவாவி மின்நிலையம் எழுந்தது. இதற்கிடையில் சூட்டுக்குமிழ் தேவையற்ற டீசல் இயந்திரங்களும் வந்துவிட்டமையால், பழைய இயந்திரங்களுட் பல பழைய இரும்பு விலைக்குப் போயின. சில தப்பின. கண்டியில் ஹந்தானைத் தேயிலை அரும்பொருட்சாலை, 1925-இல் கட்டிய தொழிற்சாலையொன்றில் 2001-இல் தொடங்கப்பட்டது. அதன் கீழ்த்தளத்தில் அத்தகைய பழைய இயந்திரங்களைக் காணலாம். எண்ணெய் பூசி, வண்ணம் தீட்டி, அசையாது நிற்கின்றன.

இரண்டாவது வழி துயரமானது. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி செய்யப்பட்ட ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. 1977-லும் 1983-லும் நடந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்களும் தாக்கப்பட்டன. பலர் வன்னிப் பக்கம் சென்று குடியேறினர். கப்பலேறியோரும் காடு சென்றோரும் ஆகிய இம்மக்களுள் இயந்திர அறையில் நின்றவர்களும் இருந்தனர். அவர்கள் கொண்டுசெல்லக்கூடிய ஒரே உடைமை அந்தக் கண்ணும் காதுமே.

தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. புழுக்கத்திலிருந்து சென்றவர்கள் அங்கு மெய்யான குளிரைக் கண்டனர். மார்கழியிலும் தையிலும் நீலகிரியின் உயர்ந்த பள்ளங்களில் புல்லின்மேல் உறைபனி படியும். அத்தகைய காலையில் டீசல் லொறி எளிதில் எழாது. மலைநாட்டுச் சாரதிகளுக்கு இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு: மாலையிலேயே வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவைத்து, காலையில் உருட்டிவிட்டு எழுப்புவது. சிலர் இயந்திரத்தின்மேல் கொதிநீரை ஊற்றுவர். இது தவறு. உறைந்த வார்ப்பிரும்பில் கொதிநீர் பட்டால் வெடிப்பு விழும். டீசல் வண்டிகளில் ஹீற்றர் பிளக் என்னும் சிறு மின்தண்டு சிலிண்டருக்குள் சிவந்து எண்ணெய்க்குத் துணை செய்கின்றது. சாவியைத் திருப்பியதும் முகப்பில் சுருள்வடிவ விளக்கொன்று எரிந்து அணைவதைச் சாரதிகள் அறிவர். பழைய சூட்டுக்குமிழின் பேரப்பிள்ளை என்று அந்தத் தண்டைச் சொல்லலாம்.

நீலகிரியின் குளிர் உறைநிலையைத் தொட்டுத் திரும்புவது. வினிப்பெக்கில் குளிர் உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். அங்கு இயந்திரத்துக்குப் பகை மூன்று. எண்ணெய் பாகுபோல் தடித்து, சுழலும் உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். பற்றறியின் வலு பாதியளவுக்குக் குறைந்துவிடும். பெற்றோல் சரிவர ஆவியாகாது. டீசலாயின் அதிலுள்ள மெழுகு திரண்டு குழாயை அடைக்கும். தடித்த எண்ணெயைச் சுழற்ற மிகுந்த வலு வேண்டிய வேளையில் பற்றறி மிகுந்த சோர்வடைகின்றது என்பதே இதிலுள்ள கொடுமை. முற்காலத்தில் அந்நாட்டார் இரவில் இயந்திர எண்ணெயையும் நீரையும் வடித்தெடுத்து வீட்டு அடுப்பருகே வைத்து, காலையில் மீண்டும் ஊற்றினர். வண்டிக்கு அடியில் தணற்சட்டி வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அண்ட்ரூ பிரீமன் என்பவர், இயந்திரத் தலையை இறுக்கும் போல்ட் ஒன்றின் இடத்தில் பொருத்தக்கூடிய மின்சூடேற்றிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து தணற்சட்டிக்கு விடுதலை.

இன்று பெரும்பாலும் வழக்கிலுள்ள கருவி வேறு வகையில் அமைந்தது. இயந்திரத்தின் வார்ப்புடலில் வட்டமான துவாரங்கள் சில, உலோக மூடிகளால் அடைக்கப்பட்டிருக்கும். நீர் உறைந்து விரியும்போது இயந்திரம் வெடிக்காதபடி காப்பதற்கே அவை வைக்கப்பட்டன என்று பலர் நம்புகின்றனர். வார்க்கும்போது உள்ளே நிரப்பிய மணலை வெளியேற்ற விடப்பட்ட துவாரங்களே அவை. அவற்றுள் ஒன்றின் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் சூடேற்றியைப் பொருத்துவர். அது இயந்திரத்தைச் சூழ்ந்த குளிர்நீரினுள் மூழ்கி நின்று, 400 முதல் 1,000 வாட் வரையில் மின்சாரம் கொண்டு நீரைக் காய்ச்சும். காய்ந்த நீர் மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்க, இயந்திரம் முழுவதும் சூடு பரவும். வீட்டு அடுப்பில் உலைநீர் கொதிப்பதற்கும் இதற்கும் கொள்கையில் வேறுபாடில்லை.

பொருத்தும் வேலை கடினமன்று. ஆனால் அவசரக்காரருக்கு உரியதுமன்று. இயந்திரம் முற்றாக ஆறியிருக்க வேண்டும். குளிர்நீரை வடித்து, அதனைத் தரையில் விடாமல் பாத்திரத்தில் ஏந்த வேண்டும். அதிலுள்ள உறைதடுப்பு நீர்மம் இனிப்பானது, நஞ்சானது. நாயும் குழந்தையும் நக்கிவிடும். மூடியைப் பெயர்த்ததும் துவாரத்தின் விளிம்பிலுள்ள துருவை நன்றாகச் சுரண்டித் துடைக்க வேண்டும். சூடேற்றியின் இறப்பர் வளையம் மடியாமல் அமரவேண்டும்; அதன் சூட்டுச்சுருள் உள்ளே இரும்புச் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் அளவுக்கு மேல் காய்ந்து சுருள் பழுதாகும். அந்தந்த இயந்திரத்துக்கென்று செய்யப்பட்ட கருவியையே வாங்கவேண்டும் என்பது இதனாலேதான். பின்னர் நீரும் உறைதடுப்பு நீர்மமும் சரிபாதியாகக் கலந்து நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நீர் நிரம்புவதற்கு முன் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பவர் கருவியை அந்தக் கணத்திலேயே எரித்துவிடுவார். புதியவர் பெரும்பாலும் செய்யும் பிழை இதுவே. மின்கம்பியைப் புகைக்குழாயிலிருந்தும் விசிறியிலிருந்தும் விலக்கிக் கட்டி, செருகியை முகப்புக்குக் கொண்டுவர வேண்டும். மண்ணிணைப்புள்ள மூன்று முனைச் செருகியின் மூன்றாவது முனையை முறித்துவிட்டுப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து.

இரவு முழுவதும் மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்னதாக மின்சாரம் பாய்ந்தால் போதும். அதற்கெனக் கடிகாரப் பொறியொன்றை இடையில் பொருத்துவர். உறைநிலைக்குக் கீழே 20 பாகைக் குளிரில் இவ்வாறு சூடேற்றிய வண்டி எரிபொருளில் பத்து வீதம் வரையில் மிச்சம் பிடிக்கும் என்பது கனடா அரசின் கணக்கு. வண்டியை அரைமணி நேரம் நின்றபடியே ஓடவிட்டுச் சூடாக்குவது வீண். மூடிய கொட்டகைக்குள் அவ்வாறு செய்வது, மணமற்ற நச்சுவாயுவால் குடும்பத்தையே மாய்க்கக்கூடியது.

ரொறன்ரோவில் வாழும் தமிழர் இக்கருவிக்குப் பணம் செலவிட வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. அந்நகரின் குளிர் மேற்குச் சமவெளியின் குளிரன்று. நல்ல பற்றறியும் குளிருக்கேற்ற மெல்லிய எண்ணெயும் போதும். வினிப்பெக், சஸ்கற்றூன், எட்மன்ரன் பக்கம் வேலைக்குச் செல்பவர் மார்கழி வரையில் காத்திராமல் ஐப்பசியிலேயே பொருத்திக்கொள்வது நன்று. மார்கழியில் உறைந்த இரும்பின் கீழே படுத்து, விறைத்த விரலால் துருவைச் சுரண்டுவது எளிதன்று.

சப்ரகமுவத் தோட்டத்துச் சாரதிக்கு இக்கருவி வேண்டியதில்லை. ஆனால் பழைய டீசல் லொறியை ஓட்டுபவர், முகப்பிலுள்ள சுருள்விளக்கு அணையும்வரையில் பொறுத்துப் பின்னர் சாவியை முழுதும் திருப்புவாராயின், பற்றறியும் தப்பும்; இயந்திரமும் தப்பும். அதற்குச் செல்லும் நேரம் சில விநாடிகளே. அவருடைய பாட்டனார் அதே வேலைக்கு அரைமணி நேரம் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அவ்வேளையில் பிரட்டுக்கு ஆளெழுப்பும் தப்பொலி கேட்பதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருக்கும்.